இசை செய்யும் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ரேம் வேண்டும்?

என் நண்பர்கள் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் லேப்டாப்பில் ரேம் கூட்டினார்கள். இருவரும் 8 ஜிபியிலிருந்து 32 ஜிபிக்குப் போனார்கள். ஒருவர் குறும்படங்களுக்குப் பின்னணி இசை அமைப்பவர். வயலின் குழு, செலோ, ஹார்ன், கோரஸ் என்று சாம்பிள் லைப்ரரிகளை, அதாவது பதிவு செய்த வாத்திய ஒலித் தொகுப்புகளை, அடுக்கி வேலை செய்கிறவர். புது ரேம் போட்ட அன்றிலிருந்து அவர் லேப்டாப் வேறு லேப்டாப் ஆகிவிட்டது. இன்னொருவர் பக்திப் பாடல்களுக்குக் குரல் பதிவு செய்து மிக்ஸ் செய்கிறவர். பாடகர் பாடும்போது ஹெட்போனில் படபடவென்று ஒரு கரகரப்பு வருகிறது என்பதுதான் அவருடைய பிரச்சினை. ரேம் மாற்றிய அன்று மாலையே பதிவு வைத்தார். கரகரப்பு அப்படியே இருந்தது.

இருவருமே தவறான பொருளை வாங்கவில்லை. கோளாறுதான் வேறு வேறு. ரேம் என்பது வேலை நடக்கும்போது தேவையானதைக் கம்ப்யூட்டர் கையருகே வைத்துக்கொள்ளும் மெமரி. இடம் போதாமல் திணறுகிற கம்ப்யூட்டருக்கு ரேம் நல்ல மருந்து. கணக்குப் போட நேரம் போதாமல் திணறுகிற கம்ப்யூட்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெளியே பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பாட்டு தடுக்கும், மவுஸ் இழுக்கும், சமயத்தில் மென்பொருளே மூடிக்கொள்ளும். கடைக்குப் போகும் முன் நம்முடையது எந்தக் கோளாறு என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அதுவும் இப்போது ரொம்ப அவசியம். 2025 இறுதியிலிருந்து மெமரி விலை எகிறிவிட்டது. ஏஐ தரவு மையங்கள் சிப்புகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதால் நம் கடைகளுக்கு வரும் சரக்கு குறைந்திருக்கிறது. வீட்டு உபயோக ரேமில் பலரும் நம்பி வாங்கிய க்ரூஷியல் பிராண்டை நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ரேம் வாங்கிப்போடும் காலம் இல்லை இது.

ஒரு பியானோ எவ்வளவு இடம் பிடிக்கும்?

இசை வேலையில் ரேமை அதிகம் விழுங்குவது சாம்பிள்கள். அதாவது நிஜ வாத்தியத்தை ஒவ்வொரு சுரமாக வாசிக்க வைத்துப் பதிவு செய்த ஒலித்துண்டுகள். கணக்கு எளிது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவில் ஒரு விநாடி ஒலிக்கு 2,88,000 பைட் வேண்டும். பியானோவில் 88 கட்டைகள். மென்மையாகத் தொட்டால் ஒரு ஒலி, அழுத்தி அடித்தால் ஒரு ஒலி. அதற்காக ஒவ்வொரு கட்டையையும் பத்து அழுத்த நிலைகளில் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாதம் அடங்க இருபது விநாடி ஆகட்டும். 88-ஐப் பத்தால், இருபதால், 2,88,000-ஆல் பெருக்கினால் 5 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரே ஒரு பியானோவுக்கு இவ்வளவு. பெடல் மிதித்து எடுத்தது தனி, தூரத்து மைக்கில் எடுத்தது தனி என்று போனால் அது இரண்டு மடங்கும் ஆகும், மூன்று மடங்கும் ஆகும்.

இந்த நெருக்கடி புதிதல்ல. சாம்பிள்களை வாசிக்கும் கருவிக்கு சாம்ப்ளர் என்று பெயர். 1981-ல் வந்த ஈமு நிறுவனத்தின் எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் இருந்த மொத்த மெமரி 128 கேபி. சில விநாடி ஒலிக்கே அது நிறைந்துவிடும். 1988-ல் வந்த அகாய் எஸ்1000 சாம்ப்ளர் 2 எம்பியோடு வந்தது, 32 எம்பி வரை கூட்டலாம். சிடி தரத்தில் 2 எம்பிக்குப் பன்னிரண்டு விநாடிதான் ஸ்டீரியோ ஒலி அடங்கும். அதனால் அந்தக் காலத்து சாம்பிள்களைக் கத்தரித்துக் கத்தரித்துத்தான் வைத்தார்கள். வயலின் நாதத்தின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்து அதையே திரும்பத் திரும்பச் சுழல விடுவார்கள். அந்தக் காலத்துக் கீபோர்டு வயலின் மெழுகு பூசியது மாதிரி ஒலித்ததற்கு மெமரிப் பஞ்சமும் ஒரு காரணம்.

1998-ல் வந்த கிகாசாம்ப்ளர் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. அதன் உத்தியை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கடுகு, சீரகம், மஞ்சள்தூள் எல்லாம் மூட்டையாகவும் டப்பாவாகவும் அலமாரியில் இருக்கும். அடுப்புப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. எண்ணெய் காய்ந்ததும் கடுகுக்காக அலமாரியைத் தேடி ஓட முடியாது, கை உடனே பெட்டிக்குப் போக வேண்டும். அது தீருவதற்குள் அலமாரியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளலாம். கிகாசாம்ப்ளர் இதைத்தான் செய்தது. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் அதை ஒலிக்கவிட்டு, அந்த இடைவெளியில் மீதியை ஹார்டு டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொண்டது. இன்று நாம் பயன்படுத்தும் கான்டாக்ட் போன்ற பெரிய சாம்ப்ளர்கள் எல்லாம் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

கான்டாக்டில் அந்தக் கைப்பிடியின் அளவுக்கு ப்ரீலோடு பஃபர் என்று பெயர். வழக்கமாக அது சாம்பிளுக்கு 60 கேபி என்று அமைந்திருக்கும். நம் பியானோவுக்கு 880 சாம்பிள்கள். அப்படியானால் ரேமில் ஏறுவது வெறும் 53 எம்பி. 5 ஜிபி பியானோ 53 எம்பியில் அடங்கிவிடுகிறது என்றால் ரேம் பற்றி ஏன் கவலை?

கவலை வயலின் குழுவில் தொடங்குகிறது. பியானோவுக்குத் தட்டுவது ஒன்றுதான் வேலை. வயலினுக்கு நீண்ட வில், குட்டை வில், விரலால் சுண்டுவது, நடுக்கம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது என்று வாசிப்பு முறைகளே இருபது இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று அழுத்த நிலைகள். ஒரே சுரத்தை அடுத்தடுத்து வாசித்தால் இயந்திரம் மாதிரி கேட்கும் என்று மூன்று மாற்றுப் பதிவுகள். முப்பது சுரங்கள். மூன்று மைக் இடங்கள். எல்லாவற்றையும் பெருக்குங்கள்: 16,200 சாம்பிள்கள். ஒவ்வொன்றுக்கும் 60 கேபி போட்டால் 972 எம்பி, கிட்டத்தட்ட 1 ஜிபி. இது முதல் வயலின் மட்டும். இரண்டாம் வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ் சேர்ந்தால் 5 ஜிபி. குழல்களும் ட்ரம்பெட்டும் தாளக் கருவிகளும் வந்தால் 12, 15 ஜிபி. ஒரு கட்டையைக்கூட அழுத்தாத நிலையில் இவ்வளவு. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ப்ரொஃபெஷனல் லைப்ரரி டிஸ்க்கில் சுமார் 600 ஜிபி இடம் கேட்கிறது. அதிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளினாலும் 8 ஜிபி லேப்டாப்பால் தாங்க முடியாது.

இன்னொரு தடையும் ரொம்ப நாள் இருந்தது. 32 பிட் மென்பொருளால் 4 ஜிபிக்கு மேல் மெமரியை எட்டவே முடியாது. விண்டோஸில் வழக்கமாக அதில் பாதிதான் கிடைக்கும். கம்ப்யூட்டரில் 8 ஜிபி இருந்தாலும் இசை மென்பொருள் 2 ஜிபியைத் தொட்டதும் விழுந்துவிடும். இசை மென்பொருட்கள் 64 பிட்டுக்கு மாறிய பிறகுதான் நாம் போடும் ரேம் முழுவதும் நமக்குக் கிடைத்தது. ஆப்பிள் 2019-ல் கேட்டலினாவோடு 32 பிட்டை முற்றாக விட்டுவிட்டது.

ரேம் தீராத கோளாறு

குரல் பதிவு செய்யும் நண்பருக்கு வருவோம். அவர் ப்ராஜெக்டில் சாம்பிள் லைப்ரரி கிட்டத்தட்ட இல்லை. முப்பது குரல் ட்ராக்குகள், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம் என்றாலும் 24 பிட் மோனோவில் மொத்தம் 1 ஜிபி சொச்சம்தான். அதையும் பெரும்பாலான மென்பொருட்கள் டிஸ்க்கிலிருந்தே வாசித்துக்கொள்ளும். எஃப்எல் ஸ்டுடியோ ஆடியோ க்ளிப்புகளை ரேமில் ஏற்றும். அதிலும் ‘கீப் ஆன் டிஸ்க்’ என்று குறித்துவிட்டால் ஏற்றாது. ஆக, 8 ஜிபியிலேயே அவருக்கு இடம் மிச்சம் இருந்தது.

அவருக்குப் போதாதது நேரம். பாடகருக்குத் தன் குரல் உடனே காதில் கேட்க வேண்டும் என்பதற்காக பஃபரை, அதாவது ஒரே தடவையில் கணக்கிட்டு அனுப்பும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிளில் வைத்திருந்தார். இங்கே சாம்பிள் என்பது வாத்தியப் பதிவு அல்ல, விநாடிக்கு 48,000 தடவை எடுக்கும் ஒலி அளவீடுகளில் ஒன்று. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிவிநாடி. ஒவ்வொரு 2.7 மில்லிவிநாடிக்குள்ளும் ப்ராசசர் எல்லா ப்ளகின்களின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருட்கள்) கணக்கையும் முடித்து ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸிடம் (மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஒப்படைத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஒரு ‘டப்’. அடிக்கடி தவறினால் கரகரப்பு. எல்லா ட்ராக்குகளும் சேரும் மாஸ்டரில் அவர் லிமிட்டர், கன்வல்யூஷன் ரிவர்ப் என்று கணக்கு அதிகம் கேட்கும் இரண்டு ப்ளகின்களை வைத்திருந்தார். பதிவின்போது அவற்றை அணைத்துவிட்டு, லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, பேட்டரி சேமிப்பு முறையை நிறுத்தி, வைஃபையையும் அணைத்தோம். கரகரப்பு நின்றது. காசு எதுவும் ஆகவில்லை. வைஃபை அணைப்பது மந்திரம் மாதிரி தோன்றும். வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருட்களில் சில ப்ராசசரைச் சில மில்லிவிநாடி தம் வசம் பிடித்து வைத்துக்கொள்ளும். 2.7 மில்லிவிநாடி கெடு இருக்கும் இடத்தில் அதுவே ஒரு யுகம். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டால் எந்த டிரைவர் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டும்.

மிக்ஸ் செய்யும்போது யாரும் பாடுவதில்லை. அப்போது பஃபரை 1024-க்கு உயர்த்தினால் கெடு 21 மில்லிவிநாடி ஆகிறது. ப்ராசசருக்கு மூச்சு வருகிறது. பதிவுக்கு ஒரு பஃபர், மிக்ஸுக்கு ஒரு பஃபர் என்ற இந்தப் பழக்கமே பலருடைய பிரச்சினையைப் பாதி தீர்த்துவிடும்.

எனவே முதல் வேலை அளப்பது. உங்களுடைய ப்ராஜெக்டிலேயே கனமானதைத் திறந்து, எல்லாம் ஏறி முடியும்வரை காத்திருந்து, பாட்டை ஓடவிடுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எவ்வளவு பயன்படுகிறது என்று பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் போய், கூடவே டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் இடம் போதவில்லை என்று அர்த்தம். ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறது. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் மெமரி ப்ரெஷர் வரைபடம் பச்சையில் இருந்தால் நிம்மதி, மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் ரேம் வேண்டும். பயன்பாடு 60 சதவீதத்தில் நிற்கும்போதே பாட்டு கரகரத்தால், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஃபரையும் ப்ளகின்களையும் கவனியுங்கள்.

வாங்காமலே எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

இடம்தான் போதவில்லை என்று தெரிந்த பிறகும் உடனே ரேம் வாங்க வேண்டியதில்லை. லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். 60 கேபி கைப்பிடி என்பது ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஒலி. அதற்குள் மீதி வந்து சேர வேண்டும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஊசி நகரவே சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். பல சுரங்களை ஒன்றாக அழுத்தி ஒரு பெரிய கார்ட் (chord) வாசிக்கும்போது நூறு சாம்பிள்கள் ஒன்றாகக் கிளம்பினால் ஒரு விநாடி தேவைப்படும். ஐந்தில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. அங்கே சுரங்கள் விழுந்து போகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அந்தத் தேடல் நேரம் ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் லைப்ரரியை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு ப்ரீலோடு பஃபரை 12 கேபிக்கு இறக்கலாம். 972 எம்பி பிடித்த அதே வயலின் 194 எம்பியில் அடங்கும். 15 ஜிபி ஆர்கெஸ்ட்ரா 3 ஜிபியாகச் சுருங்கும். இன்னும் ஹார்டு டிஸ்க்கில் லைப்ரரி வைத்திருப்பவர் ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பர்ஜ். கான்டாக்டில் ஒரு வாத்தியத்தின் சாம்பிள்கள் எல்லாவற்றையும் ரேமிலிருந்து காலி செய்துவிட்டு, வாசிக்க வாசிக்கத் தேவையானதை மட்டும் ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம். ராகத்தில் மெட்டமைக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். மோகனத்தில் ஒரு பாட்டு செய்தால் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரங்களில் ஐந்துதான் தேவை. வாசிக்காத வாசிப்பு முறைகளும் ஏறாது. பாட்டு முடிகிறபோது அந்த வயலின் பிடித்திருக்கும் இடம் வியக்கிற அளவுக்குக் குறைந்திருக்கும். ஒரு சுரத்தை முதல் தடவை தொடும்போது மட்டும் அது தயங்கி வரும், இரண்டாம் தடவை சரியாக வரும். இது போக, மூன்று மைக்குகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தலாம். முடிந்த ட்ராக்கை ஆடியோவாக மாற்றிவிட்டு வாத்தியத்தை இறக்கிவிடலாம்.

எல்லாம் செய்தும் இடம் போதவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். இந்தச் சிக்கனமெல்லாம் பாட்டு முடிகிற கட்டத்துக்குச் சரி. மெட்டு பிறக்கிற நேரத்துக்கு அது ஒத்துவராது. மனதில் ஒரு ஹார்ன் கேட்கிறது, கை உடனே வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் எதையோ இறக்கி எதையோ ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால், லைப்ரரி ஏறி முடிப்பதற்குள் அந்த மெட்டு போய்விடும். ரேமுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நான் காணும் நியாயம் இதுதான்.

கடையில்

முதலில் உங்கள் லேப்டாப்பில் ரேமை மாற்றவே முடியுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று இருக்கும். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் சிப் போர்டோடு பற்றவைத்தது, ஒன்றும் செய்ய முடியாது. 2020 நவம்பரில் எம்1 வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மேக்புக்குகளில் வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான், பிறகு கூட்ட வழியில்லை. ஆப்பிள் 2024 அக்டோபரில்தான் மேக்புக் ஏரின் குறைந்தபட்ச அளவை 16 ஜிபி ஆக்கியது. பழைய 8 ஜிபி மேக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆர்கெஸ்ட்ரா செய்ய நினைப்பவரை நான் தடுத்துவிடுவேன்.

ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது, லேப்டாப் ரேம் டெஸ்க்டாப்பில் உட்காராது. சென்னை ரிச்சி தெருவில் கேட்கும்போது மாடல் எண்ணோடு போங்கள், முடிந்தால் பழைய ரேம் ஸ்டிக்கையே எடுத்துப் போங்கள். ஒரே 32 ஸ்டிக்கைவிட ஒரே மாதிரியான இரண்டு 16 ஸ்டிக்குகள் நல்லது, இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும். வேகத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள். இசை வேலையில் வேகம் தரும் லாபம் சொற்பம், அளவு தரும் லாபம்தான் காதுக்குத் தெரியும். விளக்கு மின்னும் 16 ஜிபியைவிடச் சாதாரண 32 ஜிபி பல மடங்கு மேல். டெஸ்க்டாப்பில் போட்டவர்கள் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பைப் போட மறக்க வேண்டாம். போடாவிட்டால் பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்துக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு வாங்குவது? குரல், பீட், சிந்தசைசர் என்று வேலை செய்பவருக்கு 16 தாராளம். கொஞ்சம் ஆர்கெஸ்ட்ரா சேரும்போது 32. படங்களுக்கு முழு டெம்ப்ளேட், அதாவது எல்லா வாத்தியங்களையும் முன்கூட்டியே ஏற்றிய ப்ராஜெக்ட், வைத்துக்கொண்டு பின்னணி இசை செய்பவர் 64-க்குப் போகலாம். அதற்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

மாட்டும் வேலை கடினமில்லை, அவசரப்படக்கூடாது. சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் பேட்டரியின் இணைப்பையும் கழற்றுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டுக் கையில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ஸ்டிக்கைச் சாய்வாகப் பிடித்துப் பள்ளம் பொருந்தும்படி உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘க்ளிக்’ என்று விழ வேண்டும். நான் முதல் தடவை மாட்டியபோது தங்கநிறப் பற்கள் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தன. போதும் என்று விட்டுவிட்டேன். 32-க்குப் பதில் 16 என்று காட்டியது. ரேம் கெட்டது என்று நினைத்துக் கடைக்கே கிளம்பிவிட்டேன். திரும்பக் கழற்றி அழுத்தமாக மாட்டியதும் சரியாகிவிட்டது. டிடிஆர்5 ஆக இருந்தால் முதல் தடவை போடும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு புது ரேமைப் பழகிக்கொள்கிறது. பதறி ஆஃப் செய்யாதீர்கள். அன்று இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிட்டு, ஒரு பிழையாவது வந்தால் மறுநாளே கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். ரேமில் ஒரு பிட் கெட்டாலும் ப்ராஜெக்ட் ஃபைல் கெட வாய்ப்பிருக்கிறது.

குறும்பட நண்பரின் லேப்டாப்பில் இப்போது டெம்ப்ளேட் முழுவதும் ஏறியபிறகு 21 ஜிபி காட்டுகிறது. காலையில் திறந்தால் ஏறி முடிக்க நான்கு நிமிடம். பிறகு இரவுவரை மூடுவதில்லை. போன வாரம் ஒரு சாவுக் காட்சிக்கு ஆறு மெட்டுகள் போட்டுக் காட்டியிருக்கிறார். முன்பெல்லாம் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். இயக்குநர் எடுத்துக்கொண்டது ஐந்தாவதை.